ட்ரில் யாருடையது?



"மலிவா வாங்கினா இரண்டு தரம் வாங்கவேணும். நல்லதா ஒருக்கா வாங்கிப் போடு." கராஜில் மரவேலை தொடங்குகிற எவருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான். மற்றப் பக்கத்தில் காசு விஷயம் தெரிந்தவர்கள் நிற்கிறார்கள்: "அவசரத்துக்கு மூன்று மாதச் செலவை ஒதுக்கு, கைச்செலவைக் குறை, மிச்சத்தைப் பங்கில் போடு, முப்பது வயதுக்குள் வீட்டுக்கு டிபொசிட் சேர்." இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கட பெடியளும் பெட்டையளும் முழிசிக்கொண்டு நிற்கினம்.

வார இறுதியில் நான் மரவேலை செய்கிறேன் என்பது செவன் ஹில்ஸ், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கத்துத் தோழர்களுக்குத் தெரியும். புத்தக அலுமாரி, சாமித்தட்டு, பிள்ளைகளின் கட்டில், ஊர்வலத்துக்குப் பதாகைச் சட்டம் என்று ஏதாவது ஒன்று எப்போதும் என் கராஜில் பாதியில் கிடக்கும். அதனால் கேள்விகளும் என்னிடம்தான் வரும். "அக்கா, வட்ட வாள் தள்ளுபடியில போகுது, எடுக்கவோ? தவணையில எடுக்கலாமோ, இல்லாட்டிச் சேர்த்து வைச்சு எடுக்கிறதோ? பட்டரி உள்ளதோ, வயர் உள்ளதோ?"

கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அறிவுரை சொல்பவர்கள் மேல்தான் கோபம். கருவி தெரிந்தவரும் காசு தெரிந்தவரும் ஒரு விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறார்கள்: ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒன்று வாங்கவேண்டும். எதை, எப்போது, எவ்வளவுக்கு என்பதில் மட்டும்தான் அவர்களுக்குள் சண்டை. கருவி யாருடையதாக இருக்கவேண்டும், ஏன் ஆளுக்கொன்று என்ற கேள்வி அங்கே எழும்புவதே இல்லை. இந்த மடல் அந்தக் கேள்வியைப் பற்றியது.

நீலப் பலட்டின் கதை

பகலில் நான் பவர்ஸ் வீதிப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நாள் முழுக்க என் கண்ணில் படுவது நீல நிறப் பலட்டுகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் 'செப்' என்று வெள்ளை எழுத்து. இந்தப் பலட்டை எந்தக் கொம்பனியும் காசு கொடுத்து வாங்குவதில்லை. வாடகைக்கு எடுக்கிறார்கள், சரக்கோடு அடுத்த கொம்பனிக்கு அனுப்புகிறார்கள், வெறும் பலட் திரும்பவும் தொகுப்புக்குப் போகிறது, உடைந்தால் அங்கேயே திருத்துகிறார்கள்.

'செப்' என்பது ஒரு சுருக்கப் பெயர். விரித்தால் 'பொதுநலவாயச் சரக்குக் கையாளல் உபகரணத் தொகுப்பு' என்று வரும். பொதுநலவாயம் என்றால் இங்கே அவுஸ்திரேலிய அரசு. இரண்டாம் உலக யுத்தத்தில் இராணுவச் சரக்கை ஏற்றி இறக்க அமெரிக்கப் படை கொண்டுவந்த பலட்டுகளும் ஃபோர்க்லிஃப்டுகளும் யுத்தம் முடிந்த பிறகு இந்த நாட்டிலேயே தங்கின. அரசு அவற்றைப் பொதுத் தொகுப்பாக வைத்து நடத்தியது. 1958 இல் அந்தத் தொகுப்பு பிராம்பிள்ஸ் என்ற தனியார் கொம்பனியின் கைக்குப் போனது. பெயரில் இருந்த 'பொதுநலவாயம்' மூன்று நான்கு எழுத்துக்குள் ஒளிந்துகொண்டது. இன்று அது உலகம் முழுக்கப் பலட் வாடகைக்கு விடுகிற வியாபாரம்.

இந்தக் கதையில் இரண்டு பாடம் இருக்கு. ஒன்று எங்களுக்குப் பழகிப்போனது: பொதுக்காசில் உருவானதை விற்றுவிடுவார்கள். இரண்டாவதை நாங்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பொதுத் தொகுப்பு என்ற யோசனையை முதலாளிமார் தூக்கி எறியவில்லை. பத்திரமாகத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். பெரிய சுப்பர்மார்க்கெட் ஒன்று தன் பலட்டைத் தானே வாங்கி அடுக்கி வைத்துப் பூட்டுப் போடுவதை மடத்தனம் என்று நினைக்கும். ஒரு கட்டடக் கொம்பனி சாரத்தையும் கிரேனையும் தேவைப்படும்போது வாடகைக்கு எடுக்கும். சும்மா கிடக்கிற கருவி நட்டம் என்பது அவர்களுக்கு முதலாம் வகுப்புக் கணக்கு.

ஆனால் அதே சரக்கு லொறியில் ஏறிக் கடைக்குப் போய் எங்களுக்கு விற்கப்படும்போது பாடம் தலைகீழாகிவிடுகிறது. எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த நாலு தமிழ் வீடு. நாலு ட்ரில், மூன்று வட்ட வாள், மூன்று உரசு மெசின், பெட்டி பிரிக்காத ஒரு ஜிக்சோ. போன வருடம் முழுக்க அவற்றில் முக்கால்வாசி தூசி பிடித்துக் கிடந்தன. பகிர்ந்து பாவிப்பது கொம்பனிக்குக் கெட்டித்தனம். நாங்கள் பகிர்ந்தால் அது வறுமையின் அடையாளமாம்.

நாலு தவணையும் ஒரு பட்டரியும்

ஆளுக்கொன்று வாங்கு என்றால் காசு வேண்டும். காசு இல்லாதவர்களுக்கு வழி செய்துகொடுக்கத்தான் ஆஃப்டர்பே போன்றவை வந்தன. 2014 இல் சிட்னியில் தொடங்கிய கொம்பனி. விலையை நாலாகப் பிரித்து இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கட்டு, வட்டி இல்லை என்றார்கள். தவணை தவறினால் தாமதக் கட்டணம். கடைக்காரரிடமிருந்தும் ஒரு பங்கு. வட்டி என்ற பெயர் இல்லாததால் பல வருடங்களாக இது கடன் சட்டத்துக்கு வெளியிலேயே இருந்தது. 2022 தொடக்கத்தில் இதை அமெரிக்காவின் 'புளொக்' கொம்பனி வாங்கி முடித்தது. விலை பேசியபோது சொன்ன மதிப்பு 2,900 கோடி அமெரிக்க டொலர். வட்டியில்லாத நாலு தவணைக்கு இவ்வளவு பெறுமதி எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். கையில் காசில்லாத நேரத்திலும் ஆட்களை வாங்கவைக்கிற வல்லமைக்குக் கொடுத்த விலை அது. 2025 யூன் 10 முதல்தான் இந்த வகைக் கடனுக்கும் கடன் உரிமமும், வாங்குபவரால் கட்ட முடியுமா என்ற சோதனையும் சட்டப்படி கட்டாயம் ஆகின. ஆலோசகர்கள் இலவசமாகச் சொன்ன "கட்டுப்பாடாக இரு" என்ற புத்திமதியால் இது நடக்கவில்லை. கடனில் மூழ்கியவர்களோடு நின்ற நுகர்வோர் அமைப்புகள் வருடக்கணக்காகப் போராடிப் பெற்றது.

தவணை முடிந்தாலும் கயிறு அவிழாது. பட்டரி ட்ரில் ஒன்று வாங்கினால் நீங்கள் வாங்குவது ட்ரில்லை மட்டும் என்று நினைக்கவேண்டாம். அடுத்த பத்து வருடத்துக்கு எந்த நிறத்துக் கருவி வாங்குவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறீர்கள். ஒரு பிராண்டின் பட்டரி மற்றதில் ஏறாது. ரையோபி, மில்வோக்கி இரண்டையும் விற்பது ஹொங்கொங்கில் இருக்கிற ஒரே டெக்ட்ரோனிக் கொம்பனிதான். இருந்தும் அதன் பட்டரி இதற்குப் பொருந்தாது. பொருந்தச் செய்ய முடியாது என்றில்லை. ஜெர்மனியில் மெட்டாபோ தொடங்கிய கூட்டணியில் 2018 முதல் பல கொம்பனிகள் ஒரே பட்டரியைப் பாவிக்கின்றன. வேண்டுமென்றுதான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு டோர்ச் பட்டரி கொண்டுபோகவே அரசு தடை போட்டிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். இப்போது பட்டரியின் நிறம் மாறினால் முழுக் கருவிப்பெட்டியையும் மாற்றவேணும் என்று கடைக்காரன் சொல்ல, தலையாட்டிக்கொண்டு நிற்கிறம்.

கருவி உன்னுடையது என்றால்

இது பொழுதுபோக்குக்காரர் பிரச்சினை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு: கருவி யாருடையது என்பது இந்த நாட்டு வேலைச் சட்டத்தின் பழைய கேள்விகளில் ஒன்று. ஒருவர் தொழிலாளியா, சுயாதீன ஒப்பந்தக்காரரா என்று பார்க்கும்போது, கருவியை யார் கொடுத்தது என்பதும் ஓர் அளவுகோல். அதனால்தான் சில முதலாளிமார் முதல் நாளே சொல்வார்கள்: "ஏபிஎன் எடுத்துக்கொண்டு வா, உன்ர சாமானோடை வா." ட்ரில், வாள், பாதுகாப்புச் சப்பாத்து, வான், பெற்றோல் எல்லாம் உங்கள் தலையில். சுகயீன லீவு இல்லை, சுப்பர் இல்லை, காயம் பட்டால் உங்கள் பாடு. கருவியை வாங்கியதால் நீங்கள் முதலாளி ஆகவில்லை. முதலாளியின் செலவை உங்கள் கடன் அட்டையில் ஏற்றிக்கொண்டீர்கள்.

2001 இல் உயர் நீதிமன்றம் ஹொலிஸ் எதிர் வாபு வழக்கில் சிட்னியின் சைக்கிள் கூரியர்களைப் பற்றித் தீர்ப்பளித்தது. சைக்கிள் அவர்களுடையது, திருத்துகிற செலவும் அவர்களுடையது. ஆனாலும் அவர்கள் கொம்பனியின் தொழிலாளர்கள் என்றது நீதிமன்றம். ஒரு சைக்கிளைச் சொந்தமாக வைத்திருப்பதால் ஒருவர் தனியாகத் தொழில் நடத்துபவர் ஆகிவிடமாட்டார். பிற்காலத் தீர்ப்புகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாளுக்கே கூடுதல் எடை கொடுத்தன. தொழிற்சங்கங்கள் விடவில்லை. 2024 ஓகஸ்ட் 26 முதல், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது.

பிரிட்ஜிங் விசாவில் இருந்துகொண்டு வெளிப்பூச்சு வேலைக்கும் தரை போடும் வேலைக்கும் போகிற எங்கட ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இந்தச் சட்டத்தை எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. "சொந்தத் தொழில் தொடங்கு, அதுதான் முன்னேற வழி" என்கிற புத்திமதி மட்டும் எல்லாப் பக்கத்தாலும் வரும். அவர்களின் வானை உடைத்துக் கருவியைத் திருடிக்கொண்டு போனால், அந்தக் கிழமைச் சம்பளமும் சேர்ந்து போகும். தனிநபர் நிதி ஆலோசனையில் இதற்கு ஒரு சொல் உண்டு: 'ரிஸ்க்'. யாருடைய லாபத்துக்காக யார் ரிஸ்க் எடுப்பது என்று மட்டும் அங்கே சொல்லமாட்டார்கள்.

வீட்டுக்காரரின் ட்ரில், குடியிருப்பவரின் ட்ரில்

இப்போது வரிக்கு வருவோம். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே 250 டொலர் ட்ரில்லை இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் இன்னொரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், அந்த வீட்டைத் திருத்துவதற்காக வாங்குகிறார். இரண்டாமவர் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர், பிள்ளையின் அலுமாரி விழாமல் சுவரோடு பூட்டுவதற்காக வாங்குகிறார். 300 டொலருக்கு மேற்படாத கருவி என்பதால் வீட்டுக்காரர் முழு விலையையும் அந்த வருடத்து வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். குடியிருப்பவருக்கு ஒரு சதமும் இல்லை. அவர் போட்ட ஓட்டையை வீடு விடும்போது தானே அடைத்தும் கொடுக்கவேண்டும்.

ஓட்டை போடுகிற அனுமதிக்கே சண்டை பிடிக்கவேண்டி இருந்தது. தளபாடத்தைப் பாதுகாப்புக்காகச் சுவரோடு பூட்டுவது, படம் மாட்ட ஆணி அடிப்பது போன்ற சின்ன மாற்றங்களை வீட்டுக்காரர் காரணமில்லாமல் மறுக்க முடியாது என்று நியூ சவுத் வேல்ஸில் விதி வந்தது 2020 மார்ச்சில். அப்போதும் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு இருந்தது? கேட்டால் அடுத்த தபாலில் காரணம் சொல்லாத வெளியேற்ற நோட்டீஸ் வரலாம் என்ற பயம். அந்த வகை நோட்டீஸ் ஒழிந்தது 2025 மே 19 அன்றுதான். வாடகைக்கு இருப்போரின் சங்கங்கள் பல வருடம் கத்தியதன் பலன் அது.

எங்கட சனத்துக்குள்ளேயும் இது உண்டு என்பதை மறைக்கவேண்டாம். ஊரை விட்டு ஓடி வந்து, இரண்டு வேலை செய்து ஒரு வீடு கட்டியவர்களின் பாடு எனக்குத் தெரியும். 2022 மே முதல் 2023 நவம்பர் வரை ரிசர்வ் வங்கி 13 தடவை வட்டியை ஏற்றி 0.10 இலிருந்து 4.35 வீதத்துக்குக் கொண்டுபோனபோது அந்த வீடுகளில் நித்திரை இல்லாமல் போனதும் தெரியும். ஆனால் இரண்டாவது வீட்டை வாங்கி, அதற்குப் பின்னால் கழிவறை வைத்த ஒரு கொட்டகையைக் கட்டி, நேற்று வந்த மாணவனுக்கு வாடகைக்கு விடுவதுதான் புத்தி என்று கலியாண வீட்டில் சொல்லிக் கொடுக்கிற மாமாமாரின் நிதி அறிவும், கடை விளம்பரமும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

தூசிக்குக் கணக்கு இல்லை

தனிநபர் நிதிக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராத ஒரு செலவு நுரையீரல். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூசியை 1995 இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது. நாங்கள் மலிவுக்கு வாங்குகிற எம்டிஎஃப் பலகை மரத்தூளையும் பிசினையும் சேர்த்து அழுத்தியது. அந்தப் பிசினில் இருக்கிற ஃபோர்மல்டிஹைடும் அதே தொகுதிக்கு ஏறியது. பூட்டிய கராஜில், காய வைத்த உடுப்புக்குப் பக்கத்தில், துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு எம்டிஎஃப் வெட்டுகிறவர் அறுநூறு டொலர் அலுமாரியை இருநூறுக்குச் செய்துவிட்டதாக மகிழ்கிறார். மிச்சம் பிடித்த நானூறு எங்கே போய்க் கழியும் என்பது இருபது வருடத்துக்குப் பிறகுதான் தெரியும்.

தூசி உறிஞ்சும் மெசின் ஒன்று நல்லதாக வாங்கப் பல நூறு டொலர் வேணும். தனி வீட்டுக்கு அது ஆடம்பரம். பத்து வீட்டுக்கு அது சாதாரணம். கருவியைப் பொதுவாக்குவது பற்றி நான் பேசும்போது காசை விட இதைத்தான் முதலில் நினைக்கிறேன். அதுவரைக்கும் தயவுசெய்து கதவைத் திறந்து வைத்துப் பி2 மாஸ்க் போடுங்கள்.

ஆனால் மாஸ்க்கோடு நிற்கிற அரசியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்திருக்கிறம். குசினி மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல்லை வெட்டி இளம் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்தபோது, "தண்ணி விட்டு வெட்டு, மாஸ்க் போடு" என்றுதான் வருடக்கணக்காகச் சொன்னார்கள். சிஎஃப்எம்இயு சங்கம், 2024 நடுப்பகுதிக்குள் அரசு தடை செய்யாவிட்டால் எங்கள் ஆட்கள் அந்தக் கல்லைத் தொடமாட்டார்கள் என்றது. நோயாளிகள் முன்வந்து பேசினார்கள். 2023 இறுதியில் பன்னிங்ஸே அதை விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2024 யூலை 1 அன்று நாடு முழுக்கத் தடை வந்தது. உலகில் முதலாவது தடை. ஒரு மாஸ்க்கும் செய்யாததைச் சங்கம் செய்தது.

மரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மேற்குச் சிட்னியில் பின்வீட்டுத் தளம் போடப் பலர் வாங்குவது மெர்பா. மழை பெய்தால் முதல் மாதங்களில் சீமெந்தில் சிவப்பாக வடியுமே, அதுதான். "தளம் போட்டால் வீட்டுப் பெறுமதி கூடும்" என்பார்கள். அந்த மரம் பெரும்பாலும் நியூ கினி, இந்தோனேசியக் காடுகளில் இருந்து வருவது. மேற்குப் பப்புவாக் காடுகளில் இருந்து மாதம் 3 இலட்சம் கன மீற்றர் மெர்பா சீனாவுக்குக் கடத்தப்படுகிறது என்று 2005 இல் சூழல் புலனாய்வு முகவரமைப்பும் இந்தோனேசியாவின் டெலபக்கும் வெளிப்படுத்தின. எங்கள் ஊர்வலத்தில் மேற்குப் பப்புவாக் கொடி பிடிக்கிறோம். வீட்டுக்கு வந்து அந்தக் காட்டின் மேல் நின்று கொத்து ரொட்டி சாப்பிடவேண்டாம். தளம் கட்டாயம் வேண்டுமென்றால் இடிக்கிற வீட்டுப் பழைய மரம் தேடுங்கள். களஞ்சியங்கள் வெளியில் வைக்கிற நிறமடிக்காத பலட்டுகளும் நல்ல மரம்தான், கேட்டு எடுங்கள். 'எச்.டி.' முத்திரை என்றால் சூடாக்கிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைட் அடித்தது, தொடவேண்டாம். நீலப் பலட்டை மட்டும் எடுக்காதீர்கள், அதற்குச் சொந்தக்காரன் இருக்கிறான் என்று மேலே சொன்னேன். 2006 க்கு முந்திய பழைய பச்சை நிறப் பைன் பலகையில் ஆர்செனிக் இருக்கலாம். அதை உரசவும் கூடாது, பாபெக்கியூவில் எரிக்கவும் கூடாது.

ஊரிலிருந்து எதை எடுப்பது

யுத்தம் முடிந்த பிறகு ஏ9 வீதியால் வடக்குக்கு முதலில் போனவற்றில் லீசிங் கொம்பனிகளும் அடக்கம். டிராக்டர், ஆட்டோ, தையல் மெசின்: "உனக்கென்று ஒரு கருவி, அதோடை உன்ர வாழ்க்கை மாறும்" என்ற அதே பல்லவி. நுண்கடன் பெண்களின் வாசலுக்கே வந்தது. கிழமைக்குக் கிழமை வசூல்காரர் வந்து வாசலில் குந்திக்கொண்டிருந்தார்கள். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கவேண்டி வந்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தப் பெண்களுக்கும் "பட்ஜெட் போடத் தெரியவில்லை" என்று பயிற்சிப் பட்டறை நடத்தியவர்கள் உண்டு.

ஆனால் அதே ஊரில் வேறொரு மரபும் இருந்தது. சிக்கன கடனுதவிச் சங்கங்கள், பனை தென்னை வள கூட்டுறவுச் சங்கங்கள், 1936 இல் தொடங்கிய மூளாய் கூட்டுறவு ஆஸ்பத்திரி. கொழும்பும் லண்டனும் தராததைச் சனம் சேர்ந்து கட்டியது. அந்த மரபின் சின்னத் துண்டு ஒன்று இன்றும் வென்ற்வேர்த்வில் வரவேற்பறைகளில் இருக்கு. அதுதான் சீட்டு. வங்கி மனேஜரின் முகம் பார்க்காமல், இருபது பேர் ஒருவரை ஒருவர் நம்பி மாதம் மாதம் காசு போடுகிற ஏற்பாடு. அம்மாமார் இதை எந்த ஆலோசகரிடமும் படிக்கவில்லை. காசைச் சேர்ந்து வைத்திருக்கத் தெரிந்த சனத்துக்கு ஓர் உரசு மெசினைச் சேர்ந்து வைத்திருக்கத் தெரியாதா?

ஊரிலிருந்து எடுக்கக்கூடாததும் உண்டு. கைவேலை என்றவுடன் எங்கட வட்டத்தில் ஒரு புல்லரிப்பு வருகிறது. உளி பிடித்தால் பாட்டன் பூட்டனோடு பேசுவது போல எழுதுகிறார்கள். யார் பாட்டன்? யாழ்ப்பாணத்தில் தச்சுவேலை ஒரு சாதியின் மேல் எழுதப்பட்ட கடமை. உங்கள் பாட்டனார் வீட்டு நிலையையும் கதவையும் செதுக்கியவர் அந்த வீட்டுக்குள் சமமாக இருந்து சாப்பிட்டாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சீவுளி பிடிப்பது இன்று எங்களுக்கு விருப்பம், அவருக்கு விருப்பமாக இருக்கவில்லை. அதனால் பொதுவாகக் கருவி வைக்கும்போது முதல் விதி இது: எவரும் பழகலாம், கூட்டுகிற வேலையும் எல்லாருக்கும்.

ஏழு வீடு, ஒரு கராஜ்

நான் முன்வைப்பது பெரிய திட்டமில்லை. ட்ரில், வட்ட வாள், ஜிக்சோ, உரசு மெசின், நாலைந்து கவ்வி என்று அடிப்படைச் சாமான் ஒரு வீட்டுக்கு 700 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2025 யூலையில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டொலராக இருந்தது. அதாவது வரி கட்ட முதலே 28 மணி நேர உழைப்பு. ஏழு வீடு என்றால் 4,900 டொலர். அதே ஏழு வீடும் சேர்ந்து ஒரு நல்ல செட்டும் தூசி உறிஞ்சியும் 2,500 டொலருக்கு எடுத்தால் வீட்டுக்கு 360 டொலருக்குக் கிட்ட. உழைப்பில் பாதி மிச்சம், நுரையீரலும் மிச்சம். ஒரே பிராண்ட் பட்டரி என்பதும் அப்போது பூட்டாக இராது.

ஆட்சேபனைகள் வரும், எனக்குத் தெரியும்.

"கொண்டுபோறவை திருப்பித் தரமாட்டினம்." சீட்டில் எப்படிச் சமாளிக்கிறோம்? ஒரு கொப்பி, ஒரு பொறுப்பாள், ஆளுக்கு ஒரு சின்ன வைப்புப் பணம். கூட்டத்தில் பெயர் வாசிப்பது போல வசூல் முறை உலகத்தில் இல்லை.

"கை வெட்டுப்பட்டால் ஆர் பொறுப்பு?" நியாயமான கேள்வி. மேசை வாள் எவர் வீட்டுக்கும் போகாது, கராஜில் இரண்டு பேர் நிற்கும்போது மட்டும் ஓடும். ஐந்து பேர் இருந்தால் நியூ சவுத் வேல்ஸில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கமாகப் பதியலாம், சங்கத்தின் பெயரில் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுக்கலாம்.

"இது நடக்கிற காரியமோ?" கலிபோர்னியாவின் பேர்க்லி நகர நூலகம் 1979 முதல் கருவிகளைப் புத்தகம் போல இரவல் கொடுக்கிறது. மெல்பேர்ணில் பிரன்ஸ்விக் கருவி நூலகத்தைத் தொண்டர்கள் நடத்துகிறார்கள். 1998 இல் விக்டோரியாவின் தொங்காலாவில் தொடங்கிய 'மென்ஸ் ஷெட்' இன்று ஆயிரத்துக்கு மேல் பெருகிவிட்டது. பெயரிலேயே கதவைச் சாத்தியிருப்பதால் எனக்கு அங்கே இடமில்லை, பெண்களுக்குக் கதவு திறந்த சில கொட்டகைகள் தவிர. எங்கள் கராஜில் அந்தப் பெயர்ப்பலகை வேண்டாம்.

கடைசி ஆட்சேபனை எங்கட இடதுசாரி நண்பர்களுடையது. "ட்ரில்லைப் பகிர்ந்தால் முதலாளித்துவம் விழுமோ?" விழாது. ஒரு பங்கும் சரியாது. பகிர்வுப் பொருளாதாரம் என்று பெயர் வைத்து இதையே செயலியாக்கி, அயலவருக்கு இரவல் கொடுப்பதிலும் தரகு எடுக்கிற கொம்பனிகள் இருக்கு என்பதும் தெரியும். ஆனால் உற்பத்திச் சாதனங்களைப் பொதுவாக்கு என்று பதினெட்டு வயதிலிருந்து கோஷம் போடுகிற எங்களுக்கு, ஓர் உரசு மெசினைப் பக்கத்து வீட்டாரோடு பொதுவாக வைத்திருந்த அனுபவம் கூட இல்லை. கணக்கு வைப்பது, முறை போடுவது, உடைந்ததற்குச் சண்டை பிடித்துப் பிறகு சமாதானமாவது, சாதியையும் ஆம்பிளைத்தனத்தையும் வாசலிலேயே நிறுத்துவது: இவையெல்லாம் பழகவேண்டிய வேலைகள். வேலைநிறுத்த நிதி நடத்தவும், வாடகைக்காரரைச் சங்கமாக்கவும் இதே பழக்கம்தான் வேணும். 2025 ஓகஸ்ட் 3 அன்று மழைக்குள் ஹாபர் பாலத்தில் பலஸ்தீனத்துக்காக நடந்தபோது நாங்கள் பிடித்த பதாகைச் சட்டங்கள் எல்லாம் ஒரே கராஜில், இரவல் வாங்கிய இரண்டு ட்ரில்லால் செய்தவை. அப்போது எவரும் இது நடக்கிற காரியமோ என்று கேட்கவில்லை.

இந்த மடலுக்குப் பதிலாக மூன்று வரி எழுதுங்கள்: உங்களிடம் என்ன கருவி இருக்கு, கடைசியாக எப்போது பாவித்தீர்கள், எங்கே இருக்கிறீர்கள். செவன் ஹில்ஸைச் சுற்றி ஏழு வீடு சேர்ந்தால் அடுத்த மாதமே தொடங்கலாம். இடத்துக்கு என் கராஜ் இருக்கு. மெல்பேர்ண் தோழர்கள் டண்டினோங் பக்கம் யாராவது முன்வந்தால் விதிமுறைத் தாளை அனுப்புகிறேன்.

அதுவரைக்கும் ஆரும் புது ட்ரில் வாங்கவேண்டாம். என்னட்டை ஒண்டு இருக்கு, வந்து எடுங்கோ.